டிஃப்டன் கிராமத்தில் ஒரு நாள்: அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய நாட்டுப்புற வாழ்க்கையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அட்லாண்டா வட்டாரத்துக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் மீன் காட்சியகம், கோகோ கோலா அருங்காட்சியகம், ஸ்டோன் மவுன்டன் ஆகியவற்றை முதல் சில மாதங்களிலேயே பார்த்து முடித்துவிடுகின்றன. அதன் பிறகு, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும்போதோ, பிள்ளைகள் பள்ளியில் அமெரிக்க வரலாறு படிக்கத் தொடங்கும்போதோ, தாங்கள் வந்து வாழும் இந்த மண் முன்பு எப்படி இருந்தது, இங்கே யார் உழுதார்கள், எதை விளைத்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்ற கேள்விகள் எழுகின்றன. அந்தக் கேள்விகளுக்குக் கண்ணெதிரே விடை தரும் இடம் ஒன்று ஜார்ஜியாவின் தென்பகுதியில், ஐ-75 நெடுஞ்சாலையை ஒட்டிய டிஃப்டன் என்ற ஊரில் இருக்கிறது. ஜார்ஜியா வேளாண்மை அருங்காட்சியகமும் வரலாற்றுக் கிராமமும் என்பது அதன் இப்போதைய பெயர். 1976ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்காவின் இருநூறாவது பிறந்தநாளன்று, அக்ரிராமா என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் பலர் இன்னமும் அந்தப் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். 2010 முதல் ஆபிரகாம் பால்ட்வின் வேளாண் கல்லூரி அதை நடத்திவருகிறது.

95 ஏக்கர் பரப்பில், சுற்றுவட்டாரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்திய 35க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இங்கே உள்ளன. மற்ற அருங்காட்சியகங்களில் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்; கீழே ஒரு சீட்டில் விவரம் எழுதியிருக்கும். இங்கே அந்தப் பொருள்கள் வேலை செய்கின்றன. அந்தக் காலத்து உடை அணிந்தவர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், இரும்பு காய்ச்சுகிறார்கள், மக்காச்சோளம் அரைக்கிறார்கள், கேட்டால் விளக்கமும் சொல்கிறார்கள். இத்தகைய இடங்களைத்தான் வாழும் வரலாற்று அருங்காட்சியகம் என்கிறார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லவிரும்புவது முக்கியமாக ஒன்றுதான்: கட்டடங்களைப் பார்க்கப் போகாதீர்கள், வேலையைப் பார்க்கப் போங்கள். முப்பத்தைந்து கட்டடங்களையும் எட்டிப்பார்த்து, ஒவ்வொன்றின் வாசலிலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால், எல்லாம் பழைய மரவீடு என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும். மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் தொடங்குவதிலிருந்து முடிவதுவரை பொறுமையாக நின்று பார்த்தால், ஒரு காலமும் அதன் பொருளாதாரமும் அதன் அநீதியும்கூடப் புரியத் தொடங்கும். இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பவை அனைத்தும் அப்படிப் பார்ப்பதற்கு உதவுவதற்காகத்தான்.

எந்த நாளில் போவது

நாளைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. இதில் தவறினால் மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. காட்சிக்கூடம் வாரநாட்களிலும் திறந்திருக்கலாம். ஆனால் வேடமணிந்த விளக்குநர்கள் கிராமத்தில் இருப்பது பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான். ஆள் இல்லாத நாளில் போனால் பூட்டிய வீடுகளையும் ஆறிப்போன உலையையும் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். எனவே புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அந்தச் சனிக்கிழமை எந்தெந்த வேலைகள் நடக்கும், மாவு ஆலை ஓடுமா, கொல்லர் இருப்பாரா, நீராவி ரயில் ஓடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்தையும் நேரத்தையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளலாம். அவை அவ்வப்போது மாறுகின்றன.

பருவத்தைப் பொறுத்தவரை, தென் ஜார்ஜியாவின் கோடையைத் தவிர்ப்பது நல்லது. ஜூலையில் வெப்பம் 33, 34 டிகிரி செல்சியஸ் வரை போகும். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது என்றாலும், காற்றில் உள்ள ஈரப்பதமும் கண்ணையும் மூக்கையும் மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களும் சேரும்போது வயதானவர்களும் குழந்தைகளும் விரைவில் சோர்ந்துவிடுகிறார்கள். மேக்கன் நகரையொட்டி மாநிலத்தின் குறுக்கே போகும், மேட்டுநிலம் முடிந்து கடலோரச் சமவெளி தொடங்கும் கோட்டுக்குத் தெற்கே இந்த ஈக்கள் மிகுதி. அதனால் அந்தக் கோட்டை ஈக்கோடு என்றே ஜார்ஜியாக்காரர்கள் அழைக்கிறார்கள். டிஃப்டன் அந்தக் கோட்டுக்கு வெகு தெற்கே இருக்கிறது.

மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்றவை. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இலையுதிர் காலத்தையே சொல்வேன். அப்போதுதான் கடலை பிடுங்கப்படுகிறது, பருத்தி வெடிக்கிறது, கரும்பு முற்றுகிறது. நவம்பரையொட்டி நடக்கும் கரும்பு ஆட்டும் நாளுக்குப் போக முடிந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

வழியும் ஆயத்தமும்

அட்லாண்டாவிலிருந்து டிஃப்டன் சுமார் 180 மைல்; போக்குவரத்து நெரிசல் இல்லையென்றால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலை ஏழு மணிக்கு முன் புறப்படுவது நல்லது. ஐ-75இல் 63பி என்ற வெளிவழியில் இறங்கினால் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. வழியில் மேக்கனைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கவனிக்கச் சொல்லுங்கள்: செம்மண் மேடுகள் முடிந்து, மணல் கலந்த சமவெளி தொடங்கும். ஆதிகாலத்தில் கடல் அதுவரை இருந்தது. இந்த மணற்பாங்கான நிலம்தான் பைன் காடுகளையும் பிற்பாடு கடலை விவசாயத்தையும் சாத்தியமாக்கியது. அமெரிக்காவில் விளையும் நிலக்கடலையில் ஏறத்தாழ பாதி ஜார்ஜியாவில்தான் விளைகிறது. செப்டம்பர், அக்டோபரில் போனால், இயந்திரம் பிடுங்கிப் புரட்டிப்போட்ட கடலைச் செடிகள் வேர்ப்பக்கம் மேலே தெரிய வரிசை வரிசையாக வெயிலில் காய்வதைச் சாலையிலிருந்தே காணலாம். காய்ப்பறிப்பைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்த நம் பெற்றோருக்கு இந்தக் காட்சி ஒன்றே பேச்சைத் தொடங்கி வைத்துவிடும்.

கிராமத்தின் பாதைகள் மண்பாதைகள். மழை பெய்த மறுநாள் சேறாகவும் மற்ற நாட்களில் மணலாகவும் இருக்கும். குழந்தை வண்டியாக இருந்தால் பெரிய சக்கரம் உள்ளதைக் கொண்டுபோங்கள். செருப்பு வேண்டாம், கால் முழுவதும் மூடிய காலணி அணியுங்கள். தென்மாநிலங்களில் புல்வெளிகளில் கட்டியிருக்கும் நெருப்பெறும்புப் புற்றை மிதித்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். தொப்பி, தண்ணீர், பூச்சி விரட்டி ஆகிய மூன்றும் எந்தப் பருவத்திலும் கையில் இருக்கட்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வந்தால், நடை தூரத்தைப் பற்றியும் வண்டி வசதி உண்டா என்பது பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சைவ உணவு உண்பவர்கள் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நிம்மதி. தென்மாநிலச் சமையலில் கீரையும் அவரையும் தட்டைப்பயறும் பார்வைக்கு முழுச் சைவமாகத் தெரிந்தாலும், பன்றிக் கொழுப்போ உப்பிட்ட இறைச்சித் துண்டோ போட்டு வேகவைப்பதே பழைய வழக்கம். பிஸ்கட் என்று அங்கே சொல்லப்படும் மென்மையான ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. எதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சாலையோரத்தில் விற்கும் அவித்த கடலையைக் கவலையின்றி வாங்கலாம். அது தோலோடு உப்புநீரில் மணிக்கணக்கில் வெந்தது. ஆனால் மிளகாயும் மசாலாவும் சேர்த்த வகையானால் எதற்கும் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது

நுழைந்தவுடன் கிராமத்துக்கு ஓடாமல், காட்சிக்கூடத்தில் முக்கால் மணி நேரம் செலவிடுங்கள். ஏர், விதைக்கும் கருவிகள், பழைய இழுவை இயந்திரங்கள் ஆகியவற்றை அங்கே முதலில் பார்த்துவிட்டால், வெளியே அவற்றின் உறவினங்கள் வேலை செய்வதைக் காணும்போது எது எதற்கு என்பது புரியும். அதன்பின் கிராமத்தைக் கால வரிசையில் சுற்றுங்கள்: முதலில் 1870களின் பண்ணை, அடுத்து 1890களின் சற்று வளர்ந்த பண்ணை, பிறகு தொழிற்கூடங்கள், கடைசியாக ஊர்ப்பகுதி. வரைபடத்தில் அருகில் இருக்கிறது என்பதற்காகக் குறுக்கே போனால் இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் கண்ணில் படாமல் போய்விடும்.

அந்த மாற்றத்துக்குக் காரணம் ரயில். 1870களில் இந்தப் பகுதி பெரும் பைன் காடாகவும் அதனடியில் கம்பிபோன்ற புல் வளர்ந்த வெளியாகவும் இருந்தது. அந்தப் புல்லின் பெயராலேயே இன்றும் இதை வயர்கிராஸ் நாடு என்கிறார்கள். சிறு விவசாயிகள் சோளம் போட்டு, மாட்டையும் பன்றியையும் காட்டில் மேயவிட்டு, வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டு வாழ்ந்தார்கள். 1872இல் ஹென்றி டிஃப்ட் என்பவர் இங்கே மரம் அறுக்கும் ஆலை வைத்தார். அவர் பெயராலேயே ஊரும் எழுந்தது. ரயில் வந்ததும் மரம் வெளியே போனது, உரமும் கடைச்சாமான்களும் உள்ளே வந்தன, சோளம் போட்ட நிலத்தில் பணத்துக்காகப் பருத்தி போடத் தொடங்கினார்கள். முதல் பண்ணையில் உருட்டுக்கட்டைகளை அடுக்கிய சுவரையும் அடுத்ததில் ஆலையில் அறுத்த பலகைச் சுவரையும் பார்க்கும்போது, இந்த வரலாற்றைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

பண்ணை வீட்டில் எதைக் கவனிப்பது

வீட்டுக்குள் போகும் முன் முற்றத்தைப் பாருங்கள். தென்மாநிலப் பழைய பண்ணை வீடுகளைச் சுற்றிப் புல் இருக்காது. குச்சிகளைக் கட்டிய துடைப்பத்தால் தினமும் பெருக்கி, வெறும் மண்ணாகவே வைத்திருப்பார்கள். பாம்பு வந்தால் கண்ணில் படும், காட்டுத்தீ வந்தால் வீடுவரை பரவாது, கோழிகளும் பூச்சியைப் பொறுக்கும். இந்த வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்ததென்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மண்ணில் துடைப்பத்தின் கோடுகள் வளைவு வளைவாகப் பதிந்திருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலோடு வளரும் அவர்களுக்கு, புல்லே இல்லாத வாசல்தான் ஒரு காலத்தில் ஒழுங்கான வீட்டின் அடையாளம் என்பது வியப்பாக இருக்கும்.

அடுத்துச் சமையலறை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது வீட்டைவிட்டுத் தள்ளித் தனியாக நிற்கும். கோடையில் அடுப்பின் சூடு வீட்டுக்குள் வராமல் இருப்பதற்கும், தீப்பிடித்தால் சமையலறையோடு போகட்டும் என்பதற்கும் செய்த ஏற்பாடு அது. அடுப்படியில் யாராவது சமைத்துக்கொண்டிருந்தால் கால் மணி நேரமாவது அங்கேயே நில்லுங்கள். கால் வைத்த வார்ப்பிரும்புப் பாத்திரத்தின் அடியிலும் மூடியின்மேலும் தணலைப் பரப்பிச் சோள ரொட்டி சுடும் முறையைப் பார்க்கலாம். வெப்பத்தை அளக்கக் கருவி எதுவும் இல்லை. தணலுக்கு மேலே கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்ப்பதே கணக்கு.

பிறகு இறைச்சிக்குப் புகையூட்டும் வீடு. சன்னல் இல்லாத சிறு கொட்டகை அது. குளிர்காலத்தில் வெட்டிய பன்றியின் இறைச்சியை உப்பில் புதைத்து, பிறகு உத்தரத்தில் தொங்கவிட்டு, மெல்லிய புகையில் வாரக்கணக்கில் வைப்பார்கள். உள்ளே நுழைந்தால் பல காலத்து உப்பும் புகையும் ஊறிய மரத்தின் மணம் மூக்கில் ஏறும். இறைச்சி உண்ணாதவர்களுக்கு இது உவப்பாக இராது என்றாலும், குளிர்பெட்டி இல்லாத ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் எப்படிப் பசியாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தப் பண்ணையில் இல்லை. தோட்டத்தில் வெண்டையும் தட்டைப்பயறும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்து வேர்பிடித்தவை.

தொழிற்கூடங்கள்: நின்று பார்க்க வேண்டிய இடம்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற பகுதிகளைக் குறைத்துக்கொண்டு, இங்கே கூடுதலாகச் செலவிடுங்கள்.

பைன் பிசினிலிருந்து டர்பென்டைன் எண்ணெய் காய்ச்சும் கொட்டகைதான் இந்த வட்டாரத்துக்கே உரிய சிறப்பு. நீண்ட ஊசியிலைப் பைன் மரத்தின் பட்டையைச் செதுக்கி, V எழுத்தைப்போலச் சாய்ந்த வெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுவார்கள். பூனையின் மீசையைப்போலத் தெரிவதால் அந்தச் செதுக்கலுக்குப் பூனைமுகம் என்று பெயர். வழியும் பிசினைச் சேர்க்க முற்காலத்தில் மரத்தின் அடியிலேயே பள்ளம் குடைந்தார்கள்; அதனால் மரங்கள் விரைவில் செத்தன. 1900களின் தொடக்கத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக வேதியியலாளர் சார்லஸ் ஹெர்ட்டி, தகரத் தகடும் மண்கிண்ணமும் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போது நம் நாட்டில் ரப்பர் மரத்தில் பால் எடுப்பதைக் கண்டவர்களுக்கு முறை உடனே விளங்கிவிடும்.

சேர்த்த பிசினைத் தண்ணீரோடு பெரிய செப்புக் கொப்பரையில் ஊற்றி, செங்கல் அடுப்பில் காய்ச்சுவார்கள். ஆவி சுருள்குழாய் வழியாகக் குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் இறங்கி, டர்பென்டைனும் நீருமாக வெளியே சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். அதை மொண்டு எடுப்பார்கள். கொப்பரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இல்லாததால், காய்ச்சுபவர் சுருள்குழாயின் முனையில் காதை வைத்துக் கேட்பார். கொதிக்கும் ஓசை மாறி, வறுபடுவது போன்ற ஒலி வந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே தண்ணீர் விடவேண்டும், தவறினால் முழுக் கொப்பரையும் கருகிவிடும், தீயும் பிடிக்கலாம். ஒரு மனிதனின் காதை நம்பி ஒரு தொழிலே நடந்திருக்கிறது. அடியில் தங்கும் உருகிய ரோசினைப் பஞ்சு விரித்த சல்லடையில் வடித்துப் பீப்பாயில் ஊற்றுவார்கள். வயலின் கற்கும் பிள்ளை உங்களோடு வந்திருந்தால், வில்லில் தேய்க்கும் பழுப்புநிறக் கட்டி இதுதான் என்று சொல்லுங்கள். இந்தக் கொப்பரை ஆண்டில் மிகச் சில நாட்களே மூட்டப்படுகிறது. அந்த நாளைக் கேட்டறிந்து போவது மிகவும் பயனுள்ளது. இயலாவிட்டாலும் பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டச் சொல்லி வரிசையைப் புரிந்துகொள்ளலாம். வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த அந்தப் பைன் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்பதையும் அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

கரும்பு ஆட்டும் நாளில் போனால், கோவேறு கழுதை நீண்ட மரத்தை இழுத்துக்கொண்டு சுற்றிவர, நடுவில் உள்ள இரும்பு உருளைகளுக்கிடையே கரும்பை ஊட்டுவதைக் காணலாம். சாறு துணியில் வடிந்து, அகன்ற கொப்பரையில் பல மணி நேரம் கொதிக்கிறது. நுரையை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அள்ளுபவர் கை ஓய்ந்தால் பாகு கலங்கிவிடும். எட்டு முதல் பத்துக் காலன் சாறு காய்ந்தால் ஒரு காலன் பாகுதான் கிடைக்கும். வெல்லம் காய்ச்சும் ஊர்களிலிருந்து வந்த பெரியவர்களை இந்த இடத்தில் முன்னே நிற்க வையுங்கள். அவர்கள் இன்னும் கொஞ்சம் காய்ச்சினால் கட்டியாகிவிடுமே என்பார்கள். இவர்கள் அதற்கு முன்பே, கரண்டியிலிருந்து சொட்டாமல் தகடாக வழியும் பதத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஏன் இறக்கினார்கள், எப்படிச் சேமித்தார்கள் என்று பேச்சு வளரும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். தன் வேலையை அறிந்த ஒருவர் கேட்கும் கேள்வியை அங்குள்ளவர்கள் எவ்வளவு மகிழ்ச்சியோடு எதிர்கொள்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நீரால் ஓடும் மாவு ஆலையில் திரிகைக் கல்லிலிருந்து வரும் மாவைத் தொட்டுப்பார்க்க அனுமதி கேளுங்கள். கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடேறாது. மணம் குறையாமல் இருப்பதற்கு அதுவே காரணம். அரைப்புக் கூலியாகப் பணம் தராமல் சோளத்தில் ஒரு பங்கை ஆலைக்காரர் எடுத்துக்கொள்வதே அக்காலத்து முறை. நீராவியால் ஓடும் மரம் அறுக்கும் ஆலையில் ஓசை மிகுதி. கைக்குழந்தையை வைத்திருப்பவர்கள் தள்ளி நிற்கலாம். கொதிகலன் அருகே கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

பருத்தி அரவை இயந்திரம் தனிக் கவனம் கேட்பது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இந்த இயந்திரத்தை எலி விட்னி 1793இல் ஜார்ஜியாவின் சவானா நகருக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தபோது உருவாக்கினார். கையால் ஒருவர் ஒரு நாள் முழுவதும் கொட்டை நீக்கினால் ஒரு பவுண்டுப் பஞ்சு கிடைப்பதே அரிது. இயந்திரம் வந்ததும் அந்தத் தடை நீங்கியது. எவ்வளவு பருத்தி விளைந்தாலும் விற்கலாம் என்ற நிலை வந்தது. வேலை குறைக்க வந்த கருவி, பருத்தி பறிக்கும் கைகளுக்கான தேவையைப் பெருக்கிவிட்டது. 1790இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை எட்டியது. பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் ஒரு கண்டுபிடிப்பாக மட்டும் படிக்கும் இந்தப் பெட்டியின் முன் நின்று, இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

யார் செய்த வேலை

இந்தக் கிராமம் காட்டும் காலம் 1870க்குப் பிந்தையது. அடிமைமுறை 1865இல் சட்டப்படி முடிந்துவிட்டது. அதனால் அழகான வீடுகளையும் சிரித்த முகங்களையும் பார்த்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து உழைத்து நிம்மதியாக வாழ்ந்த காலம் என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. 1860இல் ஜார்ஜியாவின் மக்கள்தொகை சுமார் 10 லட்சத்து 57 ஆயிரம். அவர்களில் 4 லட்சத்து 62 ஆயிரம் பேர் அடிமைகள். விடுதலைக்குப் பின் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. நிலக்காரரின் நிலத்தில், அவர் தந்த கோவேறு கழுதையையும் விதையையும் கொண்டு பயிர்செய்து, விளைச்சலில் பாதியைக் கொடுக்கும் வாரச் சாகுபடியில் சிக்கினார்கள். ஏழை வெள்ளையர்களும் அதே வலையில் விழுந்தார்கள். ஆண்டு முழுவதும் கடையில் கடனுக்கு வாங்கி, அறுவடையில் கணக்குத் தீர்த்தால் கடனே மிஞ்சியது. டர்பென்டைன் முகாம்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சிறைக்கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விடும் கொடுமை ஜார்ஜியாவில் 1868 முதல் 1908 வரை சட்டப்படியே நடந்தது. அவர்களும் இத்தகைய முகாம்களில் வேலை வாங்கப்பட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: இந்த வேலையை அப்போது யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது? தயங்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் விளக்குநர்கள் பெரும்பாலும் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள். சிலர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோலப் பேசத் தொடங்குவார்கள். கடையில் இருக்கும் கணக்குப் பேரேட்டைக் காட்டச் சொல்லி, ஒரு குடும்பத்தின் கடன் எப்படி ஏறியது என்று கேட்பது நல்ல தொடக்கம்.

பேசும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மாநிலத்தவர்கள் முன்பின் தெரியாதவர்களையும் சார், மேம் என்று விளிப்பவர்கள். முதலில் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். நீங்களும் அப்படியே தொடங்கினால் பேச்சு இயல்பாக நீளும். நேராகப் போய் இது என்ன என்று கேட்பதைவிட, இதை எப்படிச் செய்கிறீர்கள், காட்ட முடியுமா என்று கேளுங்கள். அவர்களுடைய உச்சரிப்பு முதலில் பிடிபடாமல் போகலாம். மறுபடி சொல்லச் சொல்வதில் தவறில்லை. படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். வேலை நடுவே, குறிப்பாகக் கொல்லர் காய்ந்த இரும்பைப் பட்டறைக்கல்லில் வைத்திருக்கும் நேரத்தில், கேள்வி கேட்காதீர்கள். இரும்பு ஆறுவதற்குள் அவர் சம்மட்டியை வீச வேண்டும். அது மறுபடி உலைக்குள் போகும்போது அவரே உங்கள் பக்கம் திரும்புவார்.

ஊர்ப்பகுதியும் திரும்பும் வழியும்

ஊர்ப்பகுதியைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். சோடா விற்கும் பழைய மருந்துக்கடை, அச்சுக்கூடம், ஓரறைப் பள்ளி, தேவாலயம், டிஃப்ட் குடும்பத்தின் வீடு எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. களைத்த பிள்ளைகளுக்கு இது ஏற்ற இடம். 1917இல் செய்யப்பட்ட வல்கன் நீராவி எஞ்சின் இழுக்கும் ரயில் ஓடும் நாளானால் அதில் ஒரு சுற்று வரலாம். பிள்ளைகள் வேறு எதை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

மூன்று மணி நேரப் பயணம் முடியாதென்றால் அட்லாண்டா வரலாற்று மையத்துக்குள் இருக்கும் ஸ்மித் பண்ணையிலிருந்து தொடங்குங்கள். 1840களின் பண்ணை வீட்டைப் பெயர்த்துவந்து அங்கே வைத்திருக்கிறார்கள். அங்கு உழைத்த அடிமைகளின் வாழ்க்கையையும் விளக்குகிறார்கள். ஃபார்சைத் நகருக்குக் கிழக்கே, ஜூலியட் அருகில் உள்ள ஜாரெல் தோட்டம் இன்னொரு வகை. அங்கே கட்டடங்கள் எங்கிருந்தும் கொண்டுவரப்பட்டவை அல்ல. ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்து, 1974இல் மாநில அரசுக்குக் கொடுத்த இடம் அது. உள்நாட்டுப் போருக்கு முன் அந்த 600 ஏக்கரில் 39 அடிமைகள் உழைத்திருக்கிறார்கள். டிஃப்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், பிளெயின்ஸ் ஊருக்கு வெளியே, குடியரசுத் தலைவராக இருந்த ஜிம்மி கார்ட்டர் சிறுவயதில் வளர்ந்த பண்ணையும் இருக்கிறது. 1938இல் மின்சாரம் வருவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. இரவு டிஃப்டனில் தங்கினால் மறுநாள் காலை அதைப் பார்த்துவிட்டு அட்லாண்டா திரும்பலாம்.

புறப்படும் முன் கிராமத்துக் கடையில் கல்லில் அரைத்த சோளமாவோ கிரிட்ஸ் என்னும் சோள நொய்யோ கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லில் அரைத்த மாவில் சோளத்தின் முளைப்பகுதியும் எண்ணெயும் அப்படியே இருப்பதால், அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் காறல் வாடை வந்துவிடும், உறைபெட்டியில் வையுங்கள். நொய்யைச் சமைக்க ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் வேண்டும், சிறுதீயில் அடிக்கடி கிளறிக்கொண்டே முக்கால் மணி நேரமாவது வேகவிட வேண்டும். உப்பும் வெண்ணெயும் சேர்த்து உண்பது அவர்கள் வழக்கம். கடுகு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் தாளித்து உப்புமாவாகவும் செய்யலாம், நன்றாகவே வருகிறது.